லாரியில் பெல்லோஸ் பைப்பு மாற்றும்போது

டர்போவுக்கும் (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தருவது) சைலன்சருக்கும் நடுவே இருக்கும் பெல்லோஸ் பைப்பு, அதாவது மடிப்பு மடிப்பாக வளைந்து கொடுக்கும் புகைக் குழாய், கிழிந்தால், அந்த இடத்தைச் சுற்றிக் கரி விசிறியடித்த மாதிரி படிந்திருக்கும். சைலன்சரைக் கழற்றுவதற்கு முன் அங்கே பாருங்கள்.

புதியது வாங்கப் போகும்போது பழையதன் உள்விட்டம், வெளிவிட்டம், நீளம் மூன்றையும் வெர்னியரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இணைப்பில் 2 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே கசியும். இணைப்பில் கசியாமல் இருக்க நடுவே வைக்கும் பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடவே வேண்டாம்.

எல்லாக் கிளாம்பையும் முதலில் கைமுறுக்கில் விடுங்கள். பைப்பு இழுபடாமல் நேராக உட்கார்ந்த பிறகே, டர்போ பக்கத்திலிருந்து ஆரம்பித்து இறுக்க வேண்டும். பெல்லோஸ் அதிர்வைத் தாங்கும், முறுக்கைத் தாங்காது.

புதிது போட்டும் சீக்கிரமே கிழிகிறதா? எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் ரப்பரைச் சோதியுங்கள். அது தளர்ந்திருந்தால் எஞ்சின் ஆடும் ஆட்டமெல்லாம் பெல்லோஸ் மேல்தான் இறங்கும்.