மேற்கோள் எண்ணைக் காட்டி மிரட்டினால்

மஞ்சள் புற்றுநோயைக் குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளின் பின்னால் போனால், பல நேரம் ஒரே பெயரில் போய் நிற்கும்: பரத் அகர்வால். அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் பணியாற்றியவர். மஞ்சளில் உள்ள குர்குமின் பற்றி ஏராளமாக எழுதியவர். உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்படும், அதாவது மற்றவர்கள் தங்கள் ஆய்வுக் கட்டுரைகளில் அதிகம் சுட்டிக்காட்டும், ஆய்வாளர்கள் பட்டியலில் இடம்பெற்றவர். இதெல்லாம் உண்மைதான். அவருடைய கட்டுரைகளில் 25-க்கும் மேற்பட்டவற்றை ஆய்விதழ்களே இனி நம்பக்கூடாது என்று பின்னர் திரும்பப் பெற்றுவிட்டன என்பதும் உண்மை. 2016-ல் ஒரே இதழ் ஒரே வீச்சில் 7 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது.

மேற்கோள் எண்ணை வைத்து ஒருவரை எடைபோடுவதில் முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. கட்டுரை போனாலும் அதற்கு விழுந்த மேற்கோள்கள் கணக்கில் அப்படியே கிடக்கும்; செய்தி தெரியாதவர்கள் புதிதாகவும் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. கட்டுரையின் தலைப்பைப் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் தேடிப் பாருங்கள். திரும்பப் பெற்றதாக இருந்தால் அறிவிப்பு மேலேயே இருக்கும். அரை நிமிட வேலை.

அடுத்தது, மேற்கோள் என்றாலே பாராட்டு என்று எடுத்துக்கொள்வது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அனில் பொட்டி என்ற ஆய்வாளரின் குழுவினர் 2006-ல் நேச்சர் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புற்றுக்கட்டியின் மரபணுச் செயல்பாட்டைப் பார்த்தே எந்தக் கீமோ மருந்து வேலை செய்யும் என்று முன்கூட்டிச் சொல்லலாம் என்றது அது. கீத் பேகர்லி, கெவின் கூம்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் (இவர்களும் எம்.டி. ஆண்டர்சன்காரர்கள்தான்) கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரிசை நகர்ந்து கிடந்தது. மருந்துக்கு மசியும் செல், மசியாத செல் என்ற குறிகள் சில இடங்களில் தலைகீழாக மாறியிருந்தன. அதற்குள் இதை நம்பி நோயாளிகளிடம் மருத்துவச் சோதனையே தொடங்கியாகிவிட்டது. 2011 ஜனவரியில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், "இது தப்பு" என்று காட்டிய கட்டுரைகளும் அதை மேற்கோள் காட்டித்தானே ஆக வேண்டும்? எண்ணும் கருவிக்குத் திட்டும் ஒன்று, புகழும் ஒன்று.

இதழின் பெருமையை ஆளின் தலையில் ஏற்றுவது இன்னொரு பழக்கம். முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு சராசரியாக எத்தனை மேற்கோள் விழுந்தது என்பதுதான் இம்பாக்ட் ஃபேக்டர். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் 'சிஏ' இதழுக்கு 2020-ல் இது 500-ஐத் தாண்டியது. புகழ்பெற்ற அறிவியல் இதழான நேச்சருக்கு அப்போது 50-ஐ ஒட்டித்தான். 'சிஏ'யில் வருவதெல்லாம் பத்து மடங்கு மேலான அறிவியல் என்று அர்த்தமில்லை. எத்தனை பேருக்குப் புற்றுநோய் வந்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்ற புள்ளிவிவரக் கட்டுரைகள் அதில் வருகின்றன. உலகில் புற்றுநோய் பற்றி எழுதும் பாதிப் பேர் தங்கள் முதல் வரிக்கு அதைத்தான் எடுக்கிறார்கள். சராசரியை அந்தச் சில கட்டுரைகளே தூக்கிவிடுகின்றன. பக்கத்தில் வந்த கட்டுரைக்கு அதில் பங்கில்லை.

எச்-இன்டெக்ஸ் என்பது ஓர் ஆய்வாளரை எடைபோட ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் சொன்ன அளவு. 40 என்றால், குறைந்தது 40 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 40 இருக்கின்றன என்று பொருள். இது வயதோடு ஏறும், இறங்காது. அதனால் 30 வயது ஆய்வாளரை 65 வயதுக்காரரோடு ஒப்பிடுவது அநியாயம். மூன்றே கட்டுரை எழுதி ஒவ்வொன்றும் ஐயாயிரம் மேற்கோள் வாங்கினாலும் எச் மூன்றுதான். அவசரமும் உதவாது: கோழியின் புற்றுக்கட்டியை வைரஸ் உண்டாக்கும் என்று பெய்டன் ரவுஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டியது 1911-ல். பல காலம் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. நோபல் வந்தது 1966-ல், அவருக்கு 87 வயதில்.

பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். உயிரியல், மருத்துவக் கட்டுரைகளில் வேலையை முன்நின்று செய்தவர் பெரும்பாலும் முதலில், ஆய்வகத் தலைவர் கடைசியில். நூறு பேர் கூட்டணியில் நடுவே இருப்பவருக்கும் முழு மேற்கோளும் வரவாகும்.

கடைசியாக, நம் பெயர்களுக்கே உரிய தொல்லை. இனிஷியலும் ஒரு பெயரும் வைத்திருக்கும் நமக்கு, ஒரே எழுத்தில் பத்துப் பேர் கிடைப்பார்கள். இதைத் தீர்க்கத்தான் ஆர்க்கிட் என்ற 16 இலக்க எண் 2012-ல் வந்தது. அது இல்லாத ஓர் ஆய்வாளர் பக்கத்தில் 'கே. குமார்' புற்றுநோயிலும் கரும்பு நோயிலும் கான்கிரீட்டிலும் நிபுணராகத் தெரிந்தால், அநேகமாக அவர் மூன்று பேர்.