ஃப்ளூ மாதிரியைக் கைவிடாதீர்கள்

லேபுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கச்சிமாருக்கு நான் முதலில் காட்டுவது வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். மெஷினை இல்லை, மூக்கிலிருந்து மாதிரி எடுக்கும் ஸ்வாப் குச்சியைத்தான். பஞ்சு சுற்றிய மரக்குச்சி வேண்டாம், அது பி.சி.ஆரைக் குழப்பும். பிளாஸ்டிக் தண்டும் நைலோன் முனையும் உள்ளதை எடுங்கள். என்95 முகக்கவசம், கையுறை கட்டாயம்.

காய்ச்சல் தொடங்கி மூன்று நான்கு நாளுக்குள் எடுப்பது நல்லது. குச்சி மூக்குக்குள் மேல்நோக்கிப் போகக்கூடாது. அண்ணத்துக்குச் சமாந்தரமாக, காதுப் பக்கம் போவதுபோல விடுங்கள். தட்டுப்பட்டதும் சில விநாடி வைத்து, மெல்லச் சுழற்றி எடுங்கள். சின்னப் பிள்ளைகள் அழும். பாதியில் இழுத்துவிட்டால் இரண்டாம் தரமும் அழவைக்க வேண்டிவரும்.

முனையை வி.டி.எம். (வைரஸ் கெடாமல் காக்கும் திரவம்) போத்தலில் போட்டு, பெயரும் காய்ச்சல் தொடங்கிய திகதியும் எழுதி, 2 முதல் 8 பாகையில் வையுங்கள். 72 மணித்தியாலத்துக்குள் பொரளை எம்.ஆர்.ஐ.க்கு (மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம்) போகவேண்டும், தேசிய இன்ஃப்ளூவென்சா நிலையம் அங்கேதான். பிந்துமென்றால் மைனஸ் 70, சாதாரண ஃப்ரீசர் சரிவராது. நான் சேர்ந்த வருஷம் ஒரு மாதிரி காலி வீதி நெரிசலில் மாட்டி, ஐஸெல்லாம் கரைந்து வெதுவெதுப்பாக வந்தது. அந்தத் தாயிடம் பிள்ளையை மறுபடி கூட்டிவரச் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது. ஐஸை எப்போதும் கூடுதலாகவே போடுங்கள்.

பி.சி.ஆர். முடிவு வந்ததும் முதலில் ஆர்.என்.ஏஸ் பி என்ற மனித மரபணுவைப் பாருங்கள். மனித உயிரணுவைக் காட்டும் அது ஏறாவிட்டால் 'நெகட்டிவ்' என்று எழுதக்கூடாது, மாதிரியே சரியில்லை.

சரி, ஏ வகை பொசிட்டிவ், ஆனால் அதன் வழக்கமான உபவகைகளான எச்1, எச்3 எதுவுமில்லை என்று வந்தால்? கிட் பழுது என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2009இல் சான் டியாகோவிலுள்ள அமெரிக்கக் கடற்படைச் சுகாதார ஆராய்ச்சி நிலையத்தில், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் மாதிரி அப்படித்தான் வந்தது. எல்லைப்புறக் கண்காணிப்பில் எடுத்தது. ஒதுக்காமல் அனுப்பினார்கள், ஏப்ரல் 17 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையமான சி.டி.சி.க்குக் கிடைத்தது. இரண்டு நாள் முன்புதான் அங்கே பத்து வயதுச் சிறுவனிடம் அதே புதிய பன்றிக்காய்ச்சல் வைரஸைக் கண்டிருந்தார்கள். இரு பிள்ளைகளும் பன்றிகளோடு பழகியவர்கள் இல்லை. ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுகிறது என்ற சந்தேகம் அங்கேதான் வலுத்தது. ஜூன் 11இல் உலக சுகாதார ஸ்தாபனம் பெருந்தொற்று என்று அறிவித்தது.

ஆகவே அதே மாதிரியில் புதிதாக ஆர்.என்.ஏ. பிரித்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் அப்படியே வந்தால் அன்றே பொறுப்பு வைத்தியருக்கு அழையுங்கள். மிச்சத்தை மைனஸ் 70இல் பூட்டுங்கள். அப்புறம், நோயாளி கோழிப்பண்ணை, பன்றிப்பண்ணைப் பக்கம் போனாரா, வெளிநாட்டிலிருந்து வந்தாரா என்று வார்டுக்குப் போன் எடுத்துக் கேட்டு, படிவத்தில் எழுதுங்கள்.