பரதப் பள்ளியின் போட்டிக் காலம்: பதறாமல் நடத்த

முதலில் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுத் தேதிகளைக் குறியுங்கள். அந்த வாரங்களில் போட்டி வேண்டாம். ஒரு குழந்தைக்குப் பருவத்தில் மூன்று மேடை போதும், அதற்கு மேல் போனால் ஆட்டத்தில் களைப்பு தெரியும்.

5 நிமிட வரம்பு என்றால் பாட்டை 4 நிமிடம் 45 நொடிக்குள் நிறுத்துங்கள். ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) முடியும் இடத்தில்தான் வெட்ட வேண்டும். நடுவில் வெட்டினால் அடவு (கை கால் சேர்ந்த அடிப்படை நடன அசைவு) தாளத்தை விட்டு விலகும். பென் டிரைவிலும் போனிலும் பாட்டு இருக்கட்டும். குழு நடனத்துக்கு மாற்று ஆள் ஒருவரைப் பழக்குங்கள். காய்ச்சல் சொல்லிக்கொண்டு வராது.

உடையைப் பத்து நாள் முன்பே போட்டு ஆடவையுங்கள். போன வருடத்து உடையின் விசிறி (முன்பக்க மடிப்பு) இறுகியிருந்தால் அரைமண்டி (முழங்காலை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்காரும் நிலை) முழுதாக இறங்காது. பிரித்துத் தைக்க நாள் வேண்டும். சலங்கையின் ஒவ்வொரு மணியையும் இழுத்துப் பாருங்கள். மேடையில் உதிர்ந்த மணி அடுத்த குழந்தையின் பாதத்தில் குத்தும். காலில் பூசும் சிவப்புச் சாயமான அல்தா நன்றாகக் காயட்டும், இல்லாவிட்டால் பைஜாமா ஓரம் சிவந்துவிடும்.