நன்றி சொல்ல விடாத நண்பர்: சாகசக் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியல் சாகசக் கதை எழுதத் தொடங்குபவர்கள் கலத்துக்கு எஞ்சின் பூட்டுவதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அதில் ஏறுபவர்களிடம் காட்டுவதில்லை. மூன்று பேரை ஏற்றி, "நாம் உயிர் நண்பர்கள்" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். மற்றவை பெரும்பாலும் இது பெற்ற பிள்ளைகள்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்னின், 1869-70இல் தொடராக வெளிவந்த 'கடலடியில் இருபதாயிரம் காதம்' நாவலைப் பாருங்கள். தென்துருவப் பனிக்கு அடியில் நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் சிக்கிக்கொள்கிறது. காற்று தீர்ந்துகொண்டே வருகிறது. பேராசிரியர் ஆரோனாக்ஸ் மூச்சின்றி விழுந்து கிடக்கிறார். ஒரு சுவாசக் கருவியின் அடியில் மிச்சமிருந்த காற்றை, பணியாளர் கான்சேயும் திமிங்கில வேட்டைக்காரர் நெட் லேண்டும் தாங்கள் இழுக்காமல் அவருக்குக் கொடுக்கிறார்கள். பிழைத்த பேராசிரியர் நெகிழ்ந்துபோய், உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று ஆரம்பிக்கிறார். நெட் லேண்ட் பேச விட்டால்தானே! அந்தக் கடனை வசூலிக்கத்தான் போகிறேன், இந்தப் பாழாய்ப்போன கப்பலைவிட்டு நான் தப்பும்போது உங்களையும் இழுத்துக்கொண்டு போவேன் என்கிறார்.

நன்றியுரை பாதியில் அறுந்துவிடுகிறது. மூவரும் அந்தக் கப்பலில் கைதிகள். நெட்டுக்கு முதல் நாளிலிருந்தே விடுதலை வேண்டும். ஆரோனாக்ஸுக்கோ கடலடி அதிசயங்களை விட்டுப்போக மனமில்லை. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய பிறகும் அந்தப் பிணக்கு தீரவில்லை. நம்மவர்கள் செய்வது என்ன? பத்தாம் பக்கத்தில் ஒரு சண்டை, பதினொன்றாம் பக்கத்தில் கண்ணீரோடு சமாதானம். அதற்குச் சண்டையே வைக்காமல் இருக்கலாம்.

எல்லோருக்கும் ஒரே மூளையைக் கொடுப்பது இன்னொரு தவறு. கான்சேய் மீன்களின் வரிசை, குடும்பம், பேரினம் எல்லாவற்றையும் ஒப்பிப்பார். ஆனால் கண்ணெதிரே நீந்தும் மீன் எது என்று கேட்டால் விழிப்பார். நெட் எந்த மீனையும் பார்த்தவுடன் பெயர் சொல்வார். அவருடைய வகைப்பாட்டிலோ தின்னத்தக்கது, தின்னத்தகாதது என்று இரண்டே பிரிவுகள். இருவரையும் சேர்த்தால் ஒரு நல்ல இயற்கையியலாளர் கிடைப்பார் என்று ஆரோனாக்ஸ் நினைத்துக்கொள்கிறார்.

ஆனால் கான்சேயை அப்படியே நகலெடுத்துவிடாதீர்கள். எஜமானர் கடலில் விழுந்ததும் பின்னாலேயே குதிப்பவர் அவர். 19ஆம் நூற்றாண்டு வாசகருக்கு அது உருக்கமாக இருந்திருக்கலாம். எனக்கு அது விசுவாசமாகத்தான் படுகிறது. "முடியாது" என்று சொல்லும் வாய் உள்ளவர் கூடவே நிற்பதுதான் நட்பு. அந்தக் கப்பலில் அந்த வாய் நெட்டுக்கு மட்டுமே இருக்கிறது.

வெர்னும் சறுக்கியிருக்கிறார். 'மர்மத் தீவு' நாவலின் பொறியாளர் சைரஸ் ஸ்மித்துக்குத் தெரியாததே இல்லை: இரும்பு உருக்குவார், நைட்ரோகிளிசரின் என்ற வெடிபொருள் காய்ச்சுவார், தந்திக் கம்பி இழுப்பார். தோழர்களுக்குப் பல பக்கங்களில் வியப்பதைத் தவிர வேறு வேலையில்லை. தலைவருக்கு எல்லாம் தெரிந்தால் மற்றவர்கள் பார்வையாளர்கள்தான்.

பேசாத தோழரை மூட்டை சுமக்க மட்டும் வைப்பதும் வழக்கமான பிழை. 1864இல் வந்த 'பூமியின் மையத்துக்குப் பயணம்' நாவலில் வழிகாட்டி ஹான்ஸ் ஐஸ்லாந்துக்காரர். அவர் பேசும் டேனிஷ் மொழி கதைசொல்லி ஆக்ஸெலுக்குப் புரியாது. பூமிக்குள் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் சனிக்கிழமை மாலையானால் வாரக்கூலியைத் தவறாமல் வாங்கிக்கொள்வார். இவரிடம் என்ன நட்பு என்று தோன்றும். தண்ணீர் தீர்ந்து ஆக்ஸெல் சாகக் கிடக்கும்போது, பாறைச் சுவருக்குப் பின்னால் ஓடும் நீரின் ஓசையைக் கேட்டு, சுவரைத் துளைப்பவர் அவர்தான். பீய்ச்சியடிக்கும் நீர் கொதிக்கக் கொதிக்க வருகிறது. ஆறவைத்துக் குடிக்கிறார்கள். அந்த ஓடைக்கு அவர் பெயரையே வைக்கிறார்கள்.

கடைசித் தவறு கட்டித்தழுவும் முடிவு. எரிமலை வழியாக வெளியேறி ஆக்ஸெலின் ஊரான ஹாம்பர்க் திரும்பிய பிறகு ஹான்ஸுக்கு ஊர் நினைவு வந்துவிடுகிறது. ஒருநாள் "ஃபார்வல்", அதாவது போய்வருகிறேன், என்று ஒற்றைச் சொல்லைச் சொல்லிவிட்டு ஐஸ்லாந்துக்குக் கிளம்பிவிடுகிறார்.