பட்டாளத்துக்காரர் வீட்டு அக்காவுக்கு எப்படிக் கைகொடுப்பது?

பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர் ராத்திரி அலறி எழுகிறார், தீபாவளி வெடிச் சத்தத்துக்கே வியர்த்துப் போகிறார் என்றால் எல்லோரும் அவரைத்தான் விசாரிப்பார்கள். கூடவே தூக்கம் கெட்டு, காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி இட்லி ஊற்றுகிற அவர் மனைவியை, அந்த அக்காவை, யாரும் கேட்பதில்லை. அவரிடம் "நீங்க தூங்கினீங்களா?" என்று கேளுங்கள். "உதவி வேணும்னா சொல்லுங்க" என்பது வீண், சொல்லவே மாட்டார். "சனிக்கிழமை மூணு மணி நேரம் நான் அண்ணன்கூட இருக்கேன், நீங்க அம்மா வீட்டுக்குப் போய்ட்டு வாங்க" என்று நாளும் நேரமும் சொல்லுங்கள். அண்ணன் அசந்து தூங்கினால் தொட்டு எழுப்ப வேண்டாம், தள்ளி நின்று கூப்பிடுங்கள்.

ஈசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டை இருந்தால், அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்குக்கு அவர்களோடு நீங்களும் போங்கள். மனநல மருத்துவருக்குப் பரிந்துரை அங்கேதான் கேட்க வேண்டும், தனியாக அலைவது பெரும்பாடு. அதே திட்டத்தில் மனைவிக்கும் சிகிச்சை உண்டு, இதைப் பலர் அக்காவுக்காகக் கேட்பதே இல்லை. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், அக்காவே தனக்காக அழைக்கலாம்.

அப்புறம், "பொறுத்துப் போம்மா" மட்டும் வேண்டாம். அண்ணன் கை ஓங்குகிறார் என்று தெரிந்தால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்க அக்காவிடம் சொல்லுங்கள், அன்று ராத்திரி உங்கள் வீட்டில் படுக்க இடம் கொடுங்கள்.