தாடை வலிக்குப் பயிற்சி செய்யும்போது நாம் செய்யும் தவறுகள்

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு அடியில் உருண்டு நகர்வதுதான் தாடை மூட்டு. அங்கே வலி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறோம். 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்த வலிக்கான வழிகாட்டுதல் ஒன்று வந்தது. சிகிச்சையாளர் கையால் மூட்டை அசைத்துக் கொடுப்பது, இறுகிய தசை முடிச்சுகளை அழுத்தி இளக்குவது, மேற்பார்வையோடு செய்யும் தாடைப் பயிற்சி ஆகியவற்றை அது உறுதியாகவே பரிந்துரைத்தது. பிசியோதெரபிஸ்டாக எனக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் இதே பயிற்சியைத் தப்பாகச் செய்து வலியைக் கூட்டிக்கொண்டு வருபவர்களையும் பார்க்கிறேன்.

பெரும்பாலும் அவர்கள் செய்யும் தவறு, பலத்தைக் காட்டுவது. வாய் திறக்கவில்லை என்றால் இரண்டு கையாலும் பிடித்துத் திறப்பார்கள். வலிக்க வலிக்கச் செய்தால்தான் பலன் என்று நினைப்பார்கள். தாடை அப்படிப்பட்ட மூட்டு இல்லை. பயந்த தசை, இழுக்க இழுக்க இன்னும் இறுகும். நான் முதலில் சொல்லித்தரும் பயிற்சி மிகச் சிறியது. நாக்கு நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் ஒட்டி வையுங்கள். நாக்கு விலகாமல் எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு மட்டும் மெதுவாகத் திறந்து மூடுங்கள். கண்ணாடி முன் நின்று, தாடை ஒரு பக்கம் கோணாமல் நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். ஆறு முறை போதும். அதை நாளுக்கு ஆறு தடவை செய்யுங்கள். சிலி நாட்டு இயன்முறை மருத்துவர் மரியானோ ரொகபாடோ வகுத்த பயிற்சிமுறையில் வரும் கணக்கு இது. ஒரே மூச்சில் முப்பத்தாறு முறை செய்து முடித்துவிட்டேன் என்று சிலர் சொல்வார்கள். அது வேறு கணக்கு.

மசாஜும் அப்படித்தான். பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைக்கிறதே, அந்தத் தசையை விரல் நுனியால் மெதுவாக வட்டமாகத் தேய்த்தால் போதும். ‘வலிக்குது, ஆனா தாங்கிக்கலாம்’ என்ற அளவைத் தாண்ட வேண்டாம். மறுநாள் காலையிலும் வலி கூடியே இருந்தால் நேற்று அழுத்தியது அதிகம். வாய்க்குள் விரல் விட்டுச் செய்யும் முறைகளைச் சிகிச்சையாளர் கையுறை போட்டுச் செய்யட்டும். வீடியோ பார்த்து நாமே செய்ய வேண்டாம்.

அடுத்து, வாயைத் திறந்து மூடும்போது தாடை மூட்டில் கேட்கும் ‘டக்’ சத்தம். வலி இல்லாமல், வாய் நன்றாகத் திறந்தும் மூடியும் வந்தால் அந்தச் சத்தத்துக்கு வைத்தியமே தேவையில்லை. அது போய்விட்டதா என்று பார்ப்பதற்காகவே மறுபடி மறுபடி வாயைத் திறந்து சத்தம் வரவழைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் குணமாகாதவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மீதி நேரம் உங்கள் பற்கள் எங்கே இருக்கின்றன? பயிற்சிக்கு நாளில் பத்து நிமிடம் ஆகலாம். வண்டி ஓட்டும்போதும், கம்ப்யூட்டர் முன்னாலும், கோபத்தை அடக்கும்போதும் பற்களை இறுக்கிக்கொண்டே இருந்தால் அந்தப் பத்து நிமிடம் என்ன செய்யும்? சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. ‘அன்னம்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ன்ன’ வரும்போது நாக்கு தொடும் இடம்தான் அதன் ஓய்விடம். உதடு மூடி, பல் விலகி, நாக்கு மேலே. போன் மணி அடிக்கும்போதெல்லாம் இதைச் சரிபார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இரவில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் உறையான நைட் கார்டு பல் தேயாமல் காக்கும். பகலில் கடிக்கும் பழக்கத்தை அது மாற்றாது.

தாடைக்கு வலு வேண்டும் என்று சூயிங்கம் மெல்வதும், முக அழகுக்காக விற்கும் ரப்பர் உருண்டையைக் கடிப்பதும் வலி இருப்பவர்களுக்கு ஆகவே ஆகாது. குனிந்தே போன் பார்ப்பதையும் குறையுங்கள். கழுத்து இறுகினால் தாடையும் சேர்ந்து இறுகும்.

எல்லாத் தாடை வலிக்கும் பயிற்சி என்று இறங்குவதும் தவறுதான். பாக்கு, குட்கா, ஹான்ஸ் போடுபவருக்கு வாய் திறப்பு நாளுக்கு நாள் சுருங்கி, காரம் பட்டால் எரிந்தால், அது வாய்க்குள் தோல் இறுகும் நோயாக இருக்கலாம். புற்றுநோயாக மாறக்கூடியது அது. முதலில் வாய் மருத்துவரிடம் காட்டுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலியோடு, மெல்லும்போது தாடை வலித்து, பார்வையும் மங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நெஞ்சு இறுகி, வியர்த்து, தாடை வலித்தால் நொடியும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். கொட்டாவி விட்டபோது திறந்த வாய் மூடாமல் மாட்டிக்கொண்டால், வீட்டில் யாரும் அமுக்கி மூடப் பார்க்க வேண்டாம். கீழ்த்தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.