தபாஸ் கடையில் மொத்தமாக ஆர்டர் செய்யாதீர்கள்

சின்னச் சின்னத் தட்டுகளில் வரும் ஸ்பெயின் நாட்டுச் சிற்றுண்டியான தபாஸ் இப்போது லண்டன், நியூயார்க் என்று எங்கும் கிடைக்கிறது. ஸ்பெயினுக்கே போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. உட்கார்ந்ததும் ஏழெட்டுத் தட்டு சொல்லிவிடாதீர்கள். இருவருக்கு முதலில் இரண்டு மூன்று போதும். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

தென் ஸ்பெயினில் உள்ள செவில்லே நகரத்துப் பக்கம் ஒரே பதார்த்தம் பல அளவுகளில் வரும். தபா சிறியது, ரசியோன் பெரிய தட்டு, மெடியா ரசியோன் அதில் பாதி. மெனுவில் ஒன்றுக்கே இரண்டு மூன்று விலை இருப்பது இதனால்தான். கிரனாடாவில் பல கடைகளில் குடிக்க ஏதாவது வாங்கினாலே ஒரு தபா இலவசம். இதற்காகவே அந்த ஊருக்குப் போகலாம்!

சைவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். சால்மொரேஹோ என்ற குளிர்ந்த தக்காளி சூப்பின் மேல்கூட ஹாமும் (பதப்படுத்திய பன்றி இறைச்சி) முட்டையும் தூவித்தான் தருவார்கள். "சின் ஹமோன்" என்று முன்பே சொன்னால் ஹாம் இல்லாமல் தருவார்கள். செவில்லேயின் கீரை-கொண்டைக்கடலைத் தபாவை விடாதீர்கள், சீரக வாசனையோடு நம் நாக்குக்கு நன்றாகவே ஒத்துப்போகும்.

இரவுச் சாப்பாட்டுக்கு ஏழு மணிக்கே போய் நிற்காதீர்கள். பல இடங்களில் அடுப்பு பற்றவைப்பதே எட்டரைக்கு மேல்தான்.